பூ வைத்துவிட்டுப் போன திருடன்

"பூட்டு உடையல, கண்ணாடி உடையல, வெள்ளி மெடல் அப்படியே தொங்குது. ஹெல்மெட் மட்டும் காணோம். தலையில தேங்கா விழும்னு பயந்தவன் யாரோ எடுத்திருக்கான் மேடம்" என்றான் உதவியாளன் நானோ.

"இந்த ஊர்ல தென்னை மரமே கிடையாதே."

"அதான் மேடம் மர்மம்."

துப்பறிவாளர் ஹெர்மினியா வெனேகாஸ் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து அலமாரிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். புவெர்த்தோ லிங்கே துறைமுகத்து மூன்றாம் தீயணைப்பு அணியின் கூடம் அது. ஒரு காலத்தில் எலியாஸ் ஓயார்சோ என்ற வீரன் தன் உடுப்பு மாட்டிவைத்த மர அலமாரி. அவன் தார்க்கிடங்குத் தீயில் போன பிறகு, அதே பூட்டோடு கதவுக்கு மட்டும் கண்ணாடி போட்டு நினைவுச் சின்னமாக்கியிருந்தார்கள். உள்ளே அவனுடைய கோட்டு, பூட்ஸ், மெடல், ஒரு மங்கிய புகைப்படம். மேல் தட்டில், தலைக்கவசம் இருந்த இடத்தில், தூசி படியாத ஒரு வட்டம்.

"இதுல துப்பறிய என்ன இருக்கு? முதல் அணிக்காரனுங்க வேலை" என்று உறுமினார் கேப்டன் ரொசாமெல். வாரநாட்களில் அவர் ரொட்டிக்கடைக்காரர். தீப்பிடித்தால் கேப்டன். சம்பளமில்லாத பதவி என்பதால் அதிகாரத்தில் ஒரு குறையும் வைக்கமாட்டார். "இன்னிக்குச் சாயங்காலம் பொதுக்கூட்டம். மாகாணத் தீயணைப்புப் படையிலேர்ந்து பிரியறதா வேண்டாமான்னு ஓட்டு. எலியாஸோட ஹெல்மெட்ட நான் மேடையில தூக்கிக் காட்டிடுவேன்னு அவனுங்களுக்குப் பயம்."

"நீங்களும் பிரியணும்னுதானே சொல்றீங்க? முதல் அணியும் பிரியணும்னுதான் சொல்லுது" என்றாள் ஹெர்மினியா.

"அவங்க பிரியறது பேராசை. நாங்க பிரியறது கொள்கை."

"ஏணி வண்டி ஒண்ணுதான் வந்திருக்காம், மேடம்" என்று நானோ காதைக் கடித்தான். "அது யார் கொட்டகையில நிக்கணும்கிறதுதான் கொள்கை."

கூடத்து மூலையில், ஒரு பெஞ்சில், துடைக்கும் துணியை மடியில் வைத்துக்கொண்டு தோன்யா ஃபிலோமேனா உட்கார்ந்திருந்தார். எலியாஸின் அக்கா. எழுபதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். இந்த வழக்கை ஹெர்மினியாவிடம் கொண்டுவந்தவர் அவர்தான். படைக்கு அதற்கு நேரம் இல்லை. அது தனக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு உங்க சண்டை வேண்டாம்" என்றார் அவர் மெதுவாக. "என் தம்பிக்குக் கல்லறை இருக்கு, உள்ள ஆள் இல்ல. புதைக்கறதுக்கு ஒண்ணுமே கிடைக்கல. எனக்குன்னு தொட்டுத் துடைக்க இருந்தது அந்த ஹெல்மெட் ஒண்ணுதான். அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

ரொசாமெல் தரையைப் பார்த்தார்.

"சாவி?" என்று கேட்டாள் ஹெர்மினியா.

கேப்டன் தன் இடுப்புச் சங்கிலியைக் காட்டினார். "குளிக்கும்போதுகூடக் கழற்றறதில்ல."

"வாசக் கதவு?"

"தீயணைப்பு நிலையத்துக் கதவ யாராவது பூட்டுவாங்களா?"

ரொசாமெல் அலமாரியைத் திறந்துவிட்டார். ஹெர்மினியா கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். உட்புறம் வெளியே தெரியும்படி, முதுகு சுவரைப் பார்க்க, இரண்டு கைகளும் விரித்து மாட்டப்பட்டிருந்தது. "இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா அம்மா?"

"இல்லம்மா. பொத்தானெல்லாம் போட்டு மூடியிருக்கும். நான்தானே மாட்டுவேன்."

"அப்படின்னா திருடன் மாத்தி மாட்டியிருக்கான். இப்படி மாட்டினா என்ன வசதி, கேப்டன்?"

ரொசாமெல் புருவம் சுருங்கியது. "கையை நீட்டினா நேரா சட்டைக்கைக்குள்ள போயிடும். ஓடிக்கிட்டே தலைக்கு மேல சுழட்டி மாட்டலாம். மணி அடிச்ச காலத்துப் பழக்கம் அது. இப்ப எவனும் இப்படிச் செய்யறதில்ல."

"ஆக, திருடன் ஒரு பழைய தீயணைப்புக்காரன்" என்றாள் ஹெர்மினியா. "கோட்டு தப்பா தொங்கறது அவனுக்குப் பொறுக்கல. இந்தப் பூ யார் வச்சது?"

புகைப்படத்துக்கு முன்னால் ஒரு காலி ஜாம் புட்டியில், தீக்கொழுந்து மாதிரி ஒரு சிவப்புப் பூங்கொத்து. நோத்ரோ என்ற காட்டுப் பூ. பக்கத்திலேயே தோன்யா ஃபிலோமேனா வைத்த பிளாஸ்டிக் ரோஜா, ஓரமாக ஆனால் மரியாதையாக நகர்த்தப்பட்டிருந்தது.

"நான் வைக்கல" என்றார் தோன்யா ஃபிலோமேனா. அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சின்ன வயசுல எனக்கு இதுன்னா உசுரு."

"பூ வச்சுட்டுத் திருடற திருடன்!" நானோ கையைக் கட்டிக்கொண்டான். "இப்படி ஒருத்தன் என் தங்கச்சிக்கு மாப்பிள்ளையா வரக்கூடாதா மேடம்?"

ஹெர்மினியா தோன்யா ஃபிலோமேனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி ஏதோ ஒன்று கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். ஹெர்மினியா எழுந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"நானோ, வண்டிய எடு."

"எங்க?"

"மேல."

*

நானோவின் பழைய வேன் பைன் காட்டு மண்பாதையில் முனகிக்கொண்டே ஏறியது. மழை பார்த்து வெகு நாளான பிப்ரவரி. டயருக்குப் பின்னால் தூசி ஒரு சுவர் போல எழுந்து நின்றது.

"கீழ நோத்ரோ பூத்து உதிர்ந்தாச்சு" என்றாள் ஹெர்மினியா. "இப்ப உச்சியில மட்டும்தான் பூத்திருக்கும். உச்சியில யாரு இருக்கா?"

"ஆடு இருக்கும். அப்புறம் காட்டுத்தீ பார்க்கிற காவல் கோபுரம். நாலாம் நம்பர். அதுல ஒரு கெழவர். புகை தெரிஞ்சா வயர்லெஸ்ல மத்திய நிலையத்துக்குச் சொல்வாரு. ஊர்ல யாரும் அவரைப் பார்த்ததில்ல. குரல் மட்டும்தான். அவரு திருடனப் பார்த்திருப்பாருன்னு நினைக்கிறீங்களா?"

"கட்டாயம் பார்த்திருப்பார்."

நானோ கியரை மாற்றினான். "மேடம், ஞாயித்துக்கிழமை. எங்கம்மா கோழி சூப் வச்சிருக்கும். திரும்பும்போது வாங்களேன்."

"இன்னொரு நாள்."

"போன வருஷமும் அதே இன்னொரு நாள்தான் சொன்னீங்க."

ஹெர்மினியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். புருஷன் தலைநகரத்தில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான். மகள் கனடாவில். காப்பீட்டு நிறுவனத்தில் தீவிபத்து ஆய்வாளர் வேலையை விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தொலைபேசியை அடிக்கவைப்பது நானோ ஒருவன்தான். அதுவும் பெரும்பாலும் தவறுதலாக.

"உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் நானோ. "எங்கப்பா சொல்வாரு. அந்தக் காலத்துல முதல் அணி ஜெர்மன்காரங்களுது, ரெண்டாவது கடைக்காரங்களுது, மூணாவது துறைமுகக் கூலிங்களுது. மூணும் ஒரு தீக்கு ஓடினா, தீயணைக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் மேல ஒருத்தன் தண்ணி பீய்ச்சுவானுங்களாம். தார்க்கிடங்கு எரிஞ்சப்ப தெருமுனையில ஒரே தண்ணிக்குழாய். முதல் அணியும் மூணாவது அணியும் அதுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு நிக்க, உள்ள எலியாஸ் கையில காஞ்ச ஓஸ் பைப்பு. பீப்பாய் வெடிச்சுது. அவ்வளவுதான்."

"தெரியும்."

"காலிச் சவப்பெட்டி மேல மூணு கேப்டனும் கை வச்சு சத்தியம் பண்ணாங்களாம். இனிமே ஒரே படை, ஒரே தலைமை. அதுதான் அப்புறம் ஊர் ஊரா சேர்ந்து மாகாணப் படையாச்சு."

"அந்தப் படைதான் இன்னிக்குச் சாயங்காலம் உடையப் போகுது" என்றாள் ஹெர்மினியா. "வேகமாப் போ."

*

கோபுரத்து உச்சியில் நான்கு பக்கமும் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு கோப்பை. ஆணியில் ஒரு கம்பளிக் கோட்டு, உட்புறம் வெளியே தெரிய, கைகள் விரிந்து தொங்கியது.

நானோ அதைப் பார்த்தான். ஹெர்மினியாவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

கிழவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். இடது காது இல்லை; கழுத்துத் தோல் உருகிய மெழுகு போலச் சுருண்டிருந்தது. வந்தவர்களுக்கு நாற்காலியைக் காட்டினார். ஒரே நாற்காலி என்பதை அப்போதுதான் கவனித்தவர் போலக் கட்டிலையும் காட்டினார்.

"ஹெல்மெட் எங்க ஐயா?" என்று ஹெர்மினியா நேராகக் கேட்டாள்.

"கட்டிலுக்கு அடியில."

"யோவ் பெரியவரே!" நானோவுக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சமாவது மறுக்க வேண்டாமா? இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா எங்க பொழப்பு என்னாவறது?"

"நான் திருடலையே தம்பி. மறுக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அலமாரிய எப்படித் திறந்தீங்க?" என்றாள் ஹெர்மினியா.

கிழவர் சட்டைக்குள் கைவிட்டு, கழுத்தில் கயிற்றில் தொங்கிய ஒரு சின்னப் பித்தளைச் சாவியை வெளியே எடுத்தார்.

"நானோ, கீழ தோன்யா ஃபிலோமேனா காதுல நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியணுமில்ல? அந்தப் பூட்டுக்கு மொத்தம் எத்தனை சாவின்னு கேட்டேன். ரெண்டுன்னாங்க. ஒண்ணு கேப்டன்கிட்ட. இன்னொண்ணு அவங்க தம்பி பாக்கெட்டுல இருந்துச்சு. பாக்கெட்டோட எரிஞ்சு போச்சுன்னு ஊரே நம்புது."

நானோ கட்டிலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தது தெரியாமலே உட்கார்ந்தான். "அப்ப இவரு..."

"தன் பொருளைத் தானே எடுத்தா அது திருட்டு இல்லப்பா. வணக்கம், எலியாஸ் ஓயார்சோ."

அந்தப் பெயரைக் கேட்டதும் கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை யாரும் அவரிடம் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது.

"வெடிச்சதுல கடல்ல போய் விழுந்தேன்" என்றார், திரும்பாமலே. "மரம் ஏத்திக்கிட்டுத் தெற்க போன படகு ஒண்ணு பொறுக்கி எடுத்துச்சு. எங்கயோ ஒரு தீவு ஆஸ்பத்திரி. மாசக்கணக்குல பேச்சே வரல. ஊர் திரும்பி வந்த அன்னிக்கு எனக்கு முதல் வருஷ நினைவு நாள். தலையில கட்டோட, மழையில, எதிர்ச் சாரியில நின்னு பார்த்தேன். மூணு அணியும் ஒரே வரிசை. முன்னாடியெல்லாம் ஒரே சாராயக்கடையிலகூட உக்காரமாட்டானுங்க. அன்னிக்கு ஜெர்மன்காரன் கூலிக்காரனுக்கு சிகரெட்டுப் பத்தவச்சு விடறான். எல்லாம் நான் செத்ததால. அந்த இடத்துல போய், 'டேய், நான் சாகலடா'ன்னு நின்னா என்ன ஆகும்?"

"சந்தோஷப்பட்டிருப்பாங்க."

"ஒரு வாரம். அப்புறம் பழையபடி குழாய்ச் சண்டைதான். சரி, அடுத்த வருஷம் போவோம்னு நினைச்சேன். அடுத்த வருஷம் பக்கத்து ஊர் வந்து சேர்ந்துது. அதுக்கடுத்து இன்னொரு ஊர். நான் உயிரோட வந்து நின்னா எது நிலைக்கும்னு நினைச்சு நினைச்சே..." அவர் நிறுத்தினார். "பொய் சொல்லமாட்டேன் அம்மா. பயமும் இருந்துச்சு. செத்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை உயிரோட இருக்கிறவனுக்கு எங்க கிடைக்குது? அப்புறம் வேற ஒருத்தன் பேருல இந்தக் கோபுர வேலை கிடைச்சுது. இதுவும் அதே படைக்குத்தானே உதவுதுன்னு ஏறி உக்காந்துட்டேன்."

"இப்ப எதுக்கு ஹெல்மெட்ட எடுத்தீங்க?"

அவர் வயர்லெஸ் பெட்டியைக் காட்டினார். "இதுல எல்லாம் கேக்கும். ரொசாமெல் ஒரு வாரமா கத்தறான். என் தொப்பியைத் தூக்கிக் காட்டி, 'இவரு எங்க ஆளு, அதனால நாங்க பிரியறோம்'னு சொல்லப்போறானாம். ஒண்ணா இருக்கட்டும்னு நான் செத்துக் கெடக்கேன். என்னைக் காட்டியே பிரியறானுங்களாம்! நேத்து சாயங்காலம் இருட்டற நேரத்துல எறங்கிப் போய் எடுத்துட்டு வந்துட்டேன்."

"அந்தப் பூ உங்க போட்டோவுக்கா?" என்று நானோ கேட்டான். குரலில் கேலி இல்லை.

"போட்டோவுக்கு இல்லப்பா" என்றாள் ஹெர்மினியா. "துடைக்க வர்றவங்களுக்கு."

எலியாஸ் தலையாட்டினார். மேசையிலிருந்த பைனாகுலரை எடுத்து அவளிடம் கொடுத்தார். "கீழ பாருங்க. தகரக் கூரை, பச்சைச் சுவர். அக்கா வீடு. காலையில அந்தப் புகைபோக்கியில புகை வந்தாத்தான் எனக்கு வேலையே ஓடும். ஒரு குளிர்காலத்துல ரெண்டு நாளா புகை வரல. மூணாம் நாள் பாதி மலை எறங்கிட்டேன். அப்ப வந்துச்சு. மறுபடி ஏறிட்டேன்."

ஹெர்மினியா பைனாகுலரை இறக்கினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நீங்க அவங்க புகையப் பார்த்தீங்க. அவங்க எதைப் பார்த்தாங்க? ஒரு கண்ணாடி அலமாரிய. ஊர் ஒத்துமைக்காக செத்தீங்க, சரி. அந்த அம்மாவுக்காக ஒரே ஒரு நாள் உயிரோட இருந்திருக்கக் கூடாதா? ரகசியம்னு சொன்னா காப்பாத்தமாட்டாங்களா?"

எலியாஸ் பைனாகுலரை வாங்கி மேசையில் வைத்தார். "அதை நினைக்காத நாள் இல்ல" என்றார்.

"கூட்டம் ஆரம்பிக்கப் போகுது. வாங்க."

"முடியாது. தெற்குக் காத்து. காடு முழுக்க காஞ்சு கெடக்கு. செவ்வாய்க்கிழமைதான் மாத்து ஆள் வருவான். கோபுரத்த விட்டுட்டு இறங்கக் கூடாது."

"நேத்து இறங்கினீங்களே!" என்றான் நானோ.

"நேத்து காத்து இல்ல தம்பி."

ஹெர்மினியா கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தாள். "இருபது வருஷமா எரிஞ்சு முடிஞ்ச வீட்டையே போய்ப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு தடவையாவது எரியறதுக்கு முன்னாடி பார்க்கிறேன். சொல்லிக் குடுங்க."

அவர் சொல்லிக்கொடுத்தார். மரஅறுவை ஆலையின் புகை வெள்ளை, அதை விட்டுவிடலாம். தூசி எழுந்த இடத்திலேயே நிற்காது, நகரும். புகை நிற்கும். சந்தேகம் வந்தால் கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்க்க வேண்டும். பிறகு ஆணியில் தொங்கிய கோட்டுக்குக் கையை நீட்டினார். இரண்டு கையும் ஒரே வீச்சில் உள்ளே போயின. கட்டிலுக்கடியிலிருந்து தலைக்கவசத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

"மேடம்..." நானோ வாசலில் தயங்கினான். "பயமா இல்லையே?"

"போடா. வேனை மெதுவா ஓட்டு. ஒரு தடவை செத்தவர் அவர்."

*

வேனின் சத்தம் ஓய்ந்த பிறகுதான் காற்றின் சத்தம் கேட்டது. ஹெர்மினியா வட்டமாக நடந்து நான்கு திசையும் பார்த்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி பார்த்தாள். காடு, காடு, கடல், ஊர். ஒரு மனிதன் இதைத்தான் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஊரின் ஒவ்வொரு கூரையும் தெரிகிறது. ஒரு முகமும் தெரியவில்லை. கட்டிலின் தலைமாட்டில் சுவர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரே தலை ஒரே இடத்தில் சாய்ந்த தேய்மானம். அவளுடைய வீட்டு சோபாவிலும் அப்படி ஒரு தேய்மானம் உண்டு.

வெயில் கடல் பக்கம் சாய்ந்தபோது வயர்லெஸ் கரகரத்தது.

"டவர் நாலு, டவர் நாலு. மத்திய நிலையம், யாஸ்னா பேசறேன். கேக்குதா?"

அவள் பொத்தானை அழுத்தினாள். "கேக்குது. புகை எதுவும் இல்ல."

"பெண் குரலா இருக்கே! ஓ... ஆமா, அவருதான் இங்க வந்துட்டாரே. இங்க என்ன நடந்துச்சு தெரியுமா? நான் கூட்டத்துலதான் இருந்தேன், இப்பதான் ஓடி வரேன். ரொசாமெல் பேசிக்கிட்டிருக்காரு. வாசல்ல ஒருத்தர் ஹெல்மெட்டோட வந்து நிக்கறாரு. மேசையில வைக்கறாரு. 'நான்தான் எலியாஸ் ஓயார்சோ. என் பேர இதுக்கு இழுக்காதீங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"முதல் அணியில ஒரு பெரியவர் இருக்காரு. அந்தத் தீயில குழாய்ச் சாவிய விடாம பிடிச்சுக்கிட்டு நின்னவராம். அவரு அப்படியே தரையில உக்காந்து ஓன்னு அழுதாரு. பின்வரிசையில சிலர் 'ஏமாத்துக்காரன்'னு கத்தினாங்க. அதுக்குள்ள தோன்யா ஃபிலோமேனா எந்திரிச்சுப் போனாங்க. ஓங்கி ஒரு அறை! மேல் மாடி வரைக்கும் கேட்டுது. அப்புறம் அவரு சட்டைக் காலர் பொத்தானைப் போட்டு விட்டாங்க. 'தொரை மாதிரி வந்து நிக்கற, ஒழுங்கா பொத்தான் போடத் தெரியுதா உனக்கு'ன்னாங்க. கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. திரும்பிக்கூடப் பார்க்கல."

"ஓட்டு?"

"எடுத்தாங்க. பிரியணும்னு கை தூக்கினது கொஞ்சம் பேருதான். ரொசாமெல் கை தூக்கல. ஏணி வண்டிக்கு இன்னும் இடம் முடிவாகல, அதுக்கு இப்ப கத்திக்கிட்டிருக்காங்க." யாஸ்னா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இத்தனை வருஷமா நான் பேசிக்கிட்டிருந்தது அவருகிட்டதான்னு அந்தக் குரலக் கேட்டப்பதான் தெரிஞ்சுது. அப்ப இப்ப அங்க யாரு?"

"ஹெர்மினியா வெனேகாஸ். துப்பறிவாளர். மாத்து ஆள் வர்ற வரைக்கும் நான்தான்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"ராத்திரி ஷிஃப்டு மாறறதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒண்ணு கேப்பேன். விதிமுறையில இல்ல. சும்மா, பழக்கம். உங்ககிட்டயும் கேக்கலாமா?"

"கேளும்மா."

"நீங்க நல்லா இருக்கீங்களா?"

ஹெர்மினியா பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. கீழே ஊரில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரியத் தொடங்கின. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"டவர் நாலு? கேக்குதா?"

பொத்தானை அழுத்தி, "கேக்குது" என்றாள். "இருக்கேன்மா. இங்கதான் இருக்கேன்."